மூன்று பிள்ளைகள், மூன்று பாடத்திட்டம்: எதை மாற்றுவது, எதை விடுவது?

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8, கடைக்குட்டிக்கு 4. எட்டு மாதமாக வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஆரம்பத்திலேயே அவரவர் வயதுக்கான முழுத் தொகுப்பை, எல்லாப் பாடமும் சேர்ந்ததாக, மூன்று பேருக்கும் வாங்கிவிட்டேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் நாலு மணி வரை இழுக்கிறது. அப்படியும் எதிலும் பாதியைத் தாண்டவில்லை. மகன் கணக்கு நோட்டை எடுத்தாலே அழுகிறான். வரலாறு கேட்டால் வாயால் கடகடவென்று சொல்வான், எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு சரி. அவன் பார்த்துக் கற்கிற ரகம், வீடியோ பாடத்திட்டத்துக்கு மாற்றுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மூத்தவள் தானாகவே படித்துக்கொள்கிறாள் என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு மாதமாக விடைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று போன வாரம்தான் தெரிந்தது. சின்னவள் யாரையும் உட்கார விடுவதில்லை. மூன்று தொகுப்பையும் ஓரம் கட்டிவிட்டு வேறு வாங்கலாமா? எதை வாங்குவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், பாடத்திட்டம் மோசம் என்பதற்கான அடையாளம் எனக்கு எங்குமே தென்படவில்லை. மூன்று ஆசிரியர்கள் மூன்று வகுப்பறையில் செய்கிற வேலையை நீங்கள் ஒருவரே ஒரு மேசையில் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் தெரிந்தது. எண்ணிப் பாருங்கள். பெரிய பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு ஏழு பாடம், சின்னவளுக்கு மூன்றோ நாலோ, ஆக ஒரு நாளைக்கு 17, 18 பாடம். இதை யாராலும் நடத்த முடியாது. நாளைக்கே வேறு மூன்று பெட்டி வந்து இறங்கினாலும் எண்ணிக்கை அதேதான், இன்னும் இரண்டு மாதத்தில் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். அதனால் எந்தப் புத்தகம் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, எந்தப் பாடத்தைத் தனித்தனியாக நடத்துவது, எதைச் சேர்த்து நடத்துவது என்பதை முதலில் பார்ப்போம்.

பாடங்களில் இரண்டு ஜாதி உண்டு. சில பாடங்கள் படிக்கட்டு மாதிரி. கணக்கு அப்படி, எழுத்துக் கூட்டி வாசிப்பது அப்படி, எழுதுவதும் ஓரளவு அப்படித்தான். மூன்றாம் படியில் கால் வைக்காமல் நாலாம் படிக்குப் போக முடியாது, எனவே ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் நிற்கிற படியிலிருந்துதான் தொடங்க வேண்டும், இதில் சேர்த்து நடத்துகிற பேச்சே இல்லை. மற்ற பாடங்கள், அதாவது அறிவியல், வரலாறு, புவியியல், கதை, கவிதை, ஓவியம், இசை, இவற்றுக்கு அப்படி ஒரு கட்டாய வரிசை கிடையாது. எரிமலையைப் பற்றி நாலு வயதிலும் கேட்கலாம், பதினொரு வயதிலும் கேட்கலாம், கேட்டதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். 1960-இல் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்னதன் சாரமும் இதுதான்: எந்த விஷயத்தையும், அதன் உண்மை கெடாமல், எந்த வயதுப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு வடிவில் சொல்லிக் கொடுத்துவிடலாம், பிறகு வளர வளர அதே விஷயத்துக்குத் திரும்பி வந்து ஆழமாகப் பார்க்கலாம்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். ஆனால் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே கலந்த வயதுக் கூட்டம் அவருடைய கல்வி முறையின் அடிப்படை. இன்றைக்கும் அந்தப் பள்ளிகளில் 3 முதல் 6 வயது வரை ஒரு வகுப்பு, 6 முதல் 9 வரை ஒன்று, 9 முதல் 12 வரை ஒன்று என்று மூன்று மூன்று வருடமாகத்தான் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். உங்கள் மூத்தவளுக்கும் மகனுக்கும் இடையில் இருப்பதும் அதே மூன்று வருடம்தான்.

சரி, மகனிடமிருந்து தொடங்குகிறேன், உங்கள் கடிதத்தில் அதிக வலி அங்கேதான் இருக்கிறது.

வயது 8, ஆகவே 8 வயதுக்கான கணக்குப் புத்தகம் என்று வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர் செய்கிற தவறுகளில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்த முதல் வருடத்தில் அனேகமாக எல்லோரும் இதைச் செய்கிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் எண் அந்தப் பதிப்பகம் வைத்த பெயர், அவ்வளவுதான். ஒரு பதிப்பகத்தின் மூன்றாம் நிலை இன்னொன்றின் இரண்டாம் நிலைக்குச் சமமாக இருக்கும். நிலை அறியும் தேர்வு ஒன்றைப் பெரும்பாலான பதிப்பகங்கள் வைத்திருக்கும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போன நிலைப் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களிலிருந்து பத்துக் கணக்கை எடுத்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள், நேரம் பார்க்காதீர்கள். பத்தில் எட்டு அவனாகவே சரியாகப் போட்டால் அடுத்த நிலைக்கு அவன் தயார். ஐந்தோ ஆறோ என்றால் அவன் நிற்கிற இடம் இன்னும் கீழே. அழுகை சோம்பேறித்தனத்தால் வருவதில்லை என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தாளைத் திருத்தும்போது சரி, தப்பு என்று மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். தப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். உதாரணத்துக்கு 402-இல் 167 போனால் எவ்வளவு என்ற கணக்கு. 365 என்று அவன் எழுதியிருந்தால் அது கவனக்குறைவு இல்லை, அதற்கு ஒரு முறையே இருக்கிறது. ஒன்றாம் இடத்தில் மேலே 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 5. அடுத்து 0-உம் 6-உம், அதே மாதிரி 6. அடுத்து நாலில் ஒன்று போக 3. ஒவ்வொரு இடத்தையும் தனித்தனிக் கணக்காக, தனக்குத் தெரிந்த ஒரு விதிப்படி ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இந்தத் தவறைச் செய்கிறார்கள். காரணம், இடமதிப்பு மனதில் ஏறுவதற்கு முன்பே ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற பாடம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் 0 இருந்தால் யாரிடம் வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை, தெரியாத இடத்தில் தனக்கு வசதியான விதியைப் போட்டுக்கொள்கிறான்.

இதற்கு மருந்து வேறு பாடத்திட்டம் இல்லை. ஒரு கட்டுக் குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் பெரிய கட்டு. நாலு பெரிய கட்டும் இரண்டு தனிக் குச்சியும் மேசையில் வையுங்கள், 402. இதிலிருந்து 167 எனக்குக் கொடு என்று கேளுங்கள், அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லாதீர்கள். ஏழு தனிக் குச்சி தர வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது, பிரிக்கச் சின்னக் கட்டும் இல்லை. வேறு வழியில்லாமல் பெரிய கட்டு ஒன்றைப் பிரிப்பான், பத்துச் சின்னக் கட்டு கிடைக்கும், அதில் ஒன்றை மறுபடி பிரிப்பான். இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. எடுத்துக் கொடுத்தால் மீதி 235. இதை நாலைந்து நாள் குச்சியில் செய்த பிறகு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற ஒவ்வொரு கோடும் எந்தக் கட்டைப் பிரித்ததற்கானது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வாரமோ மூன்று வாரமோ இதில் போகட்டும். பின்தங்கிவிட்டோமே என்ற பதற்றம் வரும், வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த இடத்தைத் தாண்டாமல் அவனை இழுத்துக்கொண்டு போனால் பெருக்கல், வகுத்தல் என்று ஒவ்வொரு வாசலிலும் இதே அழுகை காத்திருக்கும்.

கணக்குப் பாடத்திட்டத்தை நடுவில் மாற்றாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கணக்குப் புத்தகங்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒரு வகையில் ஒரு தலைப்பை எடுத்தால் அது முழுதாகப் பிடிபடும்வரை அதிலேயே இருப்பார்கள், கழித்தல் முடிந்துதான் பெருக்கல். இன்னொரு வகையில் ஒவ்வொரு தலைப்பையும் கொஞ்சம் தொட்டுவிட்டு நகர்ந்து, பிறகு திரும்பத் திரும்பச் சுற்றி வருவார்கள். இரண்டிலும் பிள்ளைகள் நன்றாகவே கற்கிறார்கள். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாதி வருடத்தில் தாவினால், பின்னம் பழைய புத்தகத்தில் இனிமேல்தான் வரும், புதிய புத்தகத்திலோ முன்பே வந்து போயிருக்கும், பிள்ளை பின்னத்தைப் பார்க்காமலேயே பெரியவனாவான். இந்த ஓட்டை உடனே தெரிவதும் இல்லை, இரண்டு வருடம் கழித்துத் தசமத்திலோ விகிதத்திலோ போய் இடிக்கும்.

இருக்கிற புத்தகத்தையே குறைத்து நடத்துங்கள். பக்கத்தில் முப்பது கணக்கு இருந்தால் பத்தை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுங்கள், பத்தும் சரி என்றால் அந்தப் பக்கம் முடிந்தது. முப்பது போடுவது வகுப்பறைத் தேவை, முப்பது பிள்ளைகளில் சிலருக்காவது அவ்வளவு பயிற்சி வேண்டியிருக்கும். மிச்சமாகும் நேரத்தில் பத்து நிமிடம் பழைய கணக்கு: போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து இரண்டு, வாய்ப்பாட்டிலிருந்து கொஞ்சம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு மெதுவாகக் குறைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. ஒரே நாளில் முப்பதை முடிப்பதைவிட, பத்து இன்று, இரண்டு அடுத்த வாரம், இரண்டு அடுத்த மாதம் என்பது எவ்வளவோ மேல்.

அவன் பார்த்துக் கற்கிற ரகம் என்று சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லை. 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பிள்ளையின் ‘ரகத்துக்கு’ ஏற்றபடி சொல்லிக் கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்றே முடித்தார்கள். பிள்ளைக்கு எது விருப்பம் என்பது உண்மை, அது இருக்கத்தான் செய்யும். ஆனால் குச்சியைப் பிரித்துப் பார்ப்பது எல்லாப் பிள்ளைக்கும் நல்லது, காரணம் கழித்தல் அப்படிப்பட்ட விஷயம். வீடியோவுக்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

எழுத்துக்கு வருகிறேன். வாயால் கடகடவென்று சொல்கிறான், எழுதினால் இரண்டு வரி. இது அறிவின் குறை இல்லை என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். எட்டு வயதில் எழுதுவது என்றால் இரண்டு பாரம் ஒரே நேரத்தில்: என்ன சொல்வது என்று யோசிப்பது ஒன்று, எழுத்தை உருவாக்கி, பிழையில்லாமல், கோட்டுக்குள் வைப்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துவிடுங்கள். வரலாறு கேட்கும்போது அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், அவன் சொன்ன வார்த்தையிலேயே, நீங்கள் அழகுபடுத்தாமல். பிறகு அவன் சொன்னதிலிருந்து மூன்று வரியை மட்டும் பார்த்து அழகாக எழுதச் சொல்லுங்கள். தன் சொந்த வாக்கியத்தை எழுதுவதில் அவனுக்கு ஒரு பெருமை வரும். மூன்று ஐந்தாகும், ஐந்து பத்தாகும், அவசரப்பட வேண்டாம். ஆறு மாதம் இப்படிச் செய்தும் எழுத்து மட்டும் அப்படியே நின்றால், அல்லது பென்சில் பிடிக்கவே கை வலிக்கிறது என்றால், எழுத்துகளைத் தலைகீழாகவோ திருப்பியோ எழுதுவது இன்னும் தொடர்ந்தால், கண் பரிசோதனையோடு கற்றல் குறைபாடு பார்க்கிற நிபுணரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பயப்படுவதற்காக இல்லை, சீக்கிரம் தெரிந்தால் உதவி சீக்கிரம் கிடைக்கும்.

அப்புறம் சேர்த்து நடத்துகிற பாடங்கள். மூன்று பெட்டியிலும் அறிவியலும் வரலாறும் இருக்கும். மூன்றையும் பிரித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் யோசனை, மகனின் நிலையில் இருப்பதை, அல்லது அவனுக்கும் மூத்தவளுக்கும் நடுவில் இருப்பதை எடுங்கள், மற்ற இரண்டும் அலமாரிக்குப் போகட்டும். வீணாகாது, அந்த அத்தியாயம் வரும்போது மூத்தவள் தன் புத்தகத்திலிருந்து கூடுதலாக வாசித்துக்கொள்வாள், சின்னவளுடைய புத்தகத்தில் படம் பார்க்கலாம். வரலாற்றில் பல குடும்பங்கள் ஒரே காலகட்டத்தை எல்லோரும் சேர்ந்து படிக்கிறார்கள். பண்டைக் காலத்தில் தொடங்கி நாலு வருடத்தில் இன்று வரை வந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. எட்டு வயதில் கதையாகக் கேட்ட மகன் 12 வயதில் அதே காலத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டு திரும்பி வருவான்.

எப்படி நடக்கும் என்று ஒரு பாடத்தைக் காட்டுகிறேன். தண்ணீர் ஆவியாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான தட்டு ஒன்று, குறுகலான டம்ளர் ஒன்று, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஜன்னல் ஓரத்தில் வைத்தாயிற்று. எது முதலில் காயும் என்று மூன்று பேரையும் கேளுங்கள், சொன்னதை எழுதி வையுங்கள். சின்னவள், டம்ளரில்தான் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பாள், அவள் கண் முன்னாலேயே ஒரே குவளையால் அளந்து ஊற்றியிருந்தாலும். திருத்த வேண்டாம். உயரம் கூடினால் அளவும் கூடியதாக நினைப்பது அந்த வயதின் இயல்பு, சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே இதைத்தான் வெவ்வேறு வடிவக் குவளைகளை வைத்துக் காட்டினார், ஏழு வயதை ஒட்டி அது தானாகத் தெளியும். அவளுக்கு ஒரு தொட்டியும் நாலு குவளையும் கொடுத்துவிடுங்கள், ஊற்றி ஊற்றிப் பார்க்கட்டும், அதுதான் அவள் பாடம்.

மகன் தினமும் காலையில் எடை போட வேண்டும். காலித் தட்டு 167 கிராம், தண்ணீரோடு 402 கிராம் என்று வைத்துக்கொள்வோம், தண்ணீர் மட்டும் எவ்வளவு? பார்த்தீர்களா, அதே கணக்கு. 365 என்று போட்டால், தான் அளந்து ஊற்றியது 235 மில்லிதானே, அது கிட்டத்தட்ட 235 கிராம்தானே இருக்க வேண்டும் என்று தராசே அவனிடம் சொல்லும், நீங்கள் சொல்ல வேண்டாம். தினமும் ஒரு கழித்தல், ஒரு வரி பதிவு. மூத்தவள் தட்டையும் டம்ளரையும் கட்டம் போட்ட தாளில் கவிழ்த்து வட்டம் வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணிப் பரப்பளவைக் கண்டுபிடிக்கட்டும், தம்பியின் எண்களை வைத்து வரைபடம் போடட்டும், பரப்பளவு இத்தனை மடங்கு என்றால் ஆவியாவதும் அத்தனை மடங்கா என்று பார்க்கட்டும், பிறகு மூன்றாவது தட்டு ஒன்றை மின்விசிறிக் காற்றில் வைத்து என்ன மாறுகிறது என்று ஒரு பத்தி எழுதட்டும். ஒரே பாடம், தயாரிப்பு ஒருமுறை, ஆனால் மூன்று பேரும் அவரவர் உயரத்துக்கு எட்டிப் பிடிக்கிறார்கள்.

மூத்தவள் விஷயத்தில் நீங்கள் எழுதியிருந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஏமாற்றிவிட்டாள் என்று தோன்றும். ஆனால் 11 வயதுப் பிள்ளையிடம் புத்தகத்தையும் விடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அம்மா தம்பி தங்கையோடு நாள் முழுக்கப் போராடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தால், புரியாத இடத்தில் யாரைக் கேட்பாள்? அம்மாவுக்குத் தொல்லை கொடுக்காமல் பக்கத்தை நிரப்புகிற வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்டியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பொய் பொய்தான். ஆனால் அதே மூச்சில், உன்னைத் தனியாக விட்டது என் தப்பு என்றும் சொல்லுங்கள். தானாகப் படிப்பது வயது வந்தால் தானே வந்துவிடுகிற குணம் இல்லை, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: முதலில் ஒரு மணி நேர வேலையைத் தானே திட்டமிடுவது, பிறகு ஒரு நாள், பிறகு ஒரு வாரம்.

விடைப் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். ஆனால் அதைவிட முக்கியம், தினமும் கொஞ்ச நேரம் அவளோடு தனியாக உட்காருவது. படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லட் மேசன் (1842–1923) என்ற கல்வியாளர் இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் தன் முறையையே கட்டினார், ஒரு முறை வாசி, உடனே திருப்பிச் சொல். பத்துக் கேள்வித் தாளைவிட அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு அதிகம் சொல்லும், அதை விடைப் புத்தகம் பார்த்துச் செய்யவும் முடியாது. கணக்கில் அந்த இரண்டு மாதப் பகுதியிலிருந்து அத்தியாயத்துக்கு ஐந்து கணக்கு கொடுத்து, எங்கே தடுமாறுகிறாளோ அங்கே மட்டும் திரும்பப் போங்கள். இரண்டு மாதத்தையும் தண்டனையாகத் திரும்பச் செய்ய வைக்காதீர்கள். இன்னொன்று, தம்பிக்கு அவள் சொல்லிக் கொடுப்பது நல்லதுதான், சொல்லிக் கொடுத்தால் அவளுக்கே தெளிவாகும், ஆனால் அது அவளுக்கு விருப்பமான நேரத்தில் இருக்கட்டும். உங்கள் வேலையில் பாதியை அவள் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

சின்னவளுக்கு அந்தப் பெட்டியே வேண்டாம். நாலு வயதில் மேசைப் பாடம் தேவையில்லை. கதை, பாட்டு, எண்ணிக்கை விளையாட்டு, மண், தண்ணீர், கத்தரிக்கோல், இவை போதும். அவள் எல்லோரையும் கலைப்பதற்குக் காரணம், நாளின் கடைசியில் மிச்சம் இருக்கிற அம்மாதான் அவளுக்குக் கிடைக்கிறாள். தலைகீழாக்குங்கள், காலையில் முதல் 20 நிமிடம் அவளுக்கு. போன் பக்கத்து அறையில் இருக்கட்டும், அவள் மடியில், இரண்டு கதை. வயிறு நிறைந்த பிள்ளை மாதிரி அதற்கப்புறம் அவள் தன் விளையாட்டில் போய்விடுவதை நீங்களே பார்ப்பீர்கள், தினமும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான நாள். கணக்கு நேரத்தில் மட்டும் வெளியே வருகிற ஒரு பெட்டி வைத்திருங்கள், மற்ற நேரத்தில் அது பரணில். தினமும் கண்ணில் படுகிற பொம்மைக்கு மவுசு கிடையாது.

கூட்டிப் பார்ப்போம். சின்னவளுக்கு 20 நிமிடம், எல்லோரும் சேர்ந்து படிப்பது 45, மகனுக்குக் கணக்கு 25, வாசிப்பும் எழுத்தும் 30, மூத்தவளுக்குக் கணக்கில் 20, திருப்பிச் சொல்ல 15. மொத்தம் 155 நிமிடம், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மூத்தவள் தனியாகச் செய்வது இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். மாலை நாலு மணி வரை இழுக்க வேண்டிய தேவையே இல்லை. பள்ளியில் ஆறேழு மணி நேரம் ஆகிறதே என்று கேட்பீர்கள், அங்கே வருகைப் பதிவு, வரிசை, மற்றப் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பல தொகுப்புகள் 36 வாரத்துக்குப் பங்கு போட்டு வருவதும் பள்ளி ஆண்டை ஒட்டித்தான், 36 வாரத்தில் முடிக்காவிட்டால் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் எந்தெந்தப் பாடம் கேட்கிறது, என்ன பதிவேடு கேட்கிறது என்பதை மட்டும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நான் சொன்ன வெட்டல், ஒட்டல் எல்லாம் அந்த வேலிக்குள் நடக்க வேண்டும்.

பாடத்திட்டத்தை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். அளவைக் குறைத்துப் பார்த்து, நிலையை இறக்கிப் பார்த்து, சொல்லிக் கொடுக்கிற விதத்தை மாற்றிப் பார்த்து, நாலு வாரமும் ஆன பிறகும் அந்தப் புத்தகத்தைக் கண்டாலே பிள்ளை ஒடுங்கினால் மாற்றுங்கள். அதே மாதிரி, ஆசிரியர் கையேட்டைத் திறக்கவே உங்களுக்கு வெறுப்பாக இருந்தால் அதுவும் நியாயமான காரணம்தான், நடத்தப் போவது நீங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாடம், ஒரு பிள்ளை. வாங்குவதற்கு முன்னால் மாதிரிப் பக்கங்களைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் பிள்ளையை வைத்தே ஓட்டிப் பாருங்கள். வாசிப்புப் புத்தகம் என்றால் ஏறக்குறைய நூறு வார்த்தை உள்ள ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பத்துக்கு மேல் தடுக்கினால் அது அவன் தனியாக வாசிக்கிற புத்தகம் இல்லை, நீங்கள் வாசித்துக் காட்டுகிற புத்தகம். கணக்கு என்றால், ஆசிரியர் கையேட்டில் ஒரு பாடத்துக்கு எத்தனை பக்கம் நீங்கள் முன்கூட்டியே படிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் ஆறு பக்கம் தயாரித்து நடத்துகிற புத்தகம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உங்கள் வீட்டுக்கு ஆகாது.

இந்த வாரம் முழுதும் புதிதாக எதுவும் நடத்தாதீர்கள். மகனுக்கு அந்தப் பத்துக் கணக்கு, மூத்தவளுக்கு அத்தியாயத்துக்கு ஐந்து, சின்னவளுக்குக் காலை 20 நிமிடம், மூவருக்கும் ராத்திரி ஒரு கதை. திருத்தும்போது மகன் தாளில் தப்பான விடைகளை அழிக்க விடாதீர்கள், அப்படியே ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தப் படியிலிருந்து ஏற வேண்டும் என்று சொல்கிறேன்.